நிலத்தீவும் நீர்த்தீவும்

'ஜஸீரா' என்னும் அரபுச் சொல்லைத் தமிழில் 'தீவு' என்று பெயர்த்தல் வழக்கம். ஆயினும் அச்சொல்லின் பொருட்பரப்பு தமிழ்ச் சொல்லினும் அகன்றது. கடல்நீர் உள்வாங்குவதைக் குறிக்கும் 'ஜஸ்ர்' என்பதோடு ஒரே வேரிலிருந்து பிறந்த சொல் அது. நீர் விலகியதால் தனித்து நிற்கும் நிலம், பெருநிலத்திலிருந்து துண்டுபட்டு நிற்கும் நிலம் என்று அகராதி வல்லார் அதற்குப் பொருள் விரிப்பர். முப்புறம் மட்டுமே கடல் சூழ்ந்த அரபு நாட்டை 'ஜஸீரத்துல் அரப்' என்றும், தஜ்லா, ஃபுராத் ஆகிய இரு நதிகளின் இடையே கிடக்கும் வடபகுதியை 'அல்ஜஸீரா' என்றும் அரபு மக்கள் அழைப்பது இதனாலேயாம். நம்மிடம் அரபு பயிலும் மாணவர், இச்சொல்லுக்கு நம் நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வேண்டினால், நாம் இராமேசுவரத்தைச் சுட்டுவதில்லை, கொல்லிமலையைச் சுட்டுவோம்.

மாணவர் முதலில் வியப்பர். நாமக்கல் மாவட்டத்து மலை ஒன்று தீவாவது எப்படி? நாமக்கல், இராசிபுரம், ஆத்தூர், துறையூர் ஆகிய ஊர்களின் வறண்ட சமவெளிக்கு நடுவே, கடலிலிருந்து எழுந்த பாறைபோல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது அம்மலை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாய்ப் பரந்த ஒரு தனி நாடு அதன் தலையில் கிடக்கிறது. கீழே கள்ளியும் வேலமும். மேலே பலாவும் மிளகும் காப்பியும். கீழே கிணற்றடியில் காத்திருக்கும் உழவன். மேலே சோலைகளில் ஊறி, ஐயாறாகி, ஆகாயகங்கை அருவியாய் விழும் நீர். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகிறது. அப்பாதை அமையும் முன், ஒற்றையடித் தடமே அத்தீவின் தோணித்துறை.

இத்தகைய இடத்திற்குக் குடிபெயர்ந்து சென்ற மக்களின் வரலாறு, கடல் கடந்து தீவுகளில் குடியேறிய நம் முன்னோரின் வரலாற்றோடு பல இடங்களில் ஒத்துச் செல்கிறது. நம் குடும்பங்களுள் இலங்கைக்கோ பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ ஒருவரையேனும் அனுப்பாத குடும்பம் அரிது. ஆகவே இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடைத்து என்று கருதுகிறோம்.

வாழ வந்தோர்

கொல்லிமலை சங்கப் புலவர் பாடிய மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி அதனை ஆண்டான். ஒரே அம்பினால் பல விலங்குகளை ஊடுருவ எய்த அவனது வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்க இலக்கியம் தரும் செய்தி. ஆனால் இன்று அம்மலையில் வாழும் மக்களுள் மிகப் பெரும்பாலோர், தம்மை ஓரியின் குடியென்று சொல்வதில்லை. தாம் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்கின்றனர்.

இவர்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்து மக்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் கருத்து. இவர்கள் பேசுவது தமிழ். அரசின் பட்டியலில் பழங்குடியினர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தார் காஞ்சியை விட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டனர் என்றும், சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மூன்றிலும் அவர்தம் வழியினர் பரவினர் என்றும் ஒரு வழிவழிக் கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இக்கதை பதிவாகியிருக்கிறது.

கதையின் ஒவ்வோர் உறுப்பையும் வரலாறு என்று கொள்ள இயலாது. மூன்று அண்ணன்மாரின் கதை உலகின் பல குடிகளிடம் உண்டு. எனினும் சமவெளியின் உழவர் மரபினர் ஒரு காலத்தில் மேலே ஏறினர் என்பதற்கு அவர்தம் மொழியும், ஊர் அமைப்பும் சான்றாகின்றன. மலையை அவர்கள் சமவெளியார் முறைப்படியே 'நாடு'களாகப் பகுத்தனர். வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு என்று அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மலையின் தலைமை ஊராகிய செம்மேடு இருக்கும் பகுதிக்கு 'வாழவந்திநாடு' என்று பெயர். வாழ வந்தவர்களின் நாடு என்று பொருள் தோன்ற ஒலிக்கும் அப்பெயரைக் கேட்கும்போது, குடியேற்றத்தின் வரலாறு முழுவதும் ஒரு சொல்லில் அடங்கியதாகத் தோன்றும்.

மலை கற்பித்த பாடம்

காஞ்சி நாட்டு உழவன் ஏரி நீரில் நெல் விளைத்தவன். பயன்பட்ட அறிவெல்லாம் மலைமேல் பாதி பயனற்றுப் போயிற்று. அங்கே ஏரி இல்லை, சரிவு உண்டு. கரையைக் கட்டி நீரைத் தேக்கியவன், மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் காக்கக் கற்க வேண்டியிருந்தது. பள்ளத்தாக்குகளில் ஓடைநீர் எட்டிய இடங்களில் படிப்படியாய்க் கழனி அமைத்து நெல்லை நட்டான். மேட்டு நிலத்தை நெல் ஏற்கவில்லை. அங்கே சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவற்றை விதைத்தான். ஆண்டு முழுவதும் அவன் உயிர் காத்தது அந்தச் சாமையே. நெற்சோறு விழாநாள் உணவாயிற்று.

வீடும் மாறியது. மூங்கிலை நட்டு மண் அப்பிப் புல் வேய்ந்த குடிலே மலைக் குளிருக்கும் மழைக்கும் ஏற்றதாயிற்று. மூங்கிலால் முடைந்து மண்ணும் சாணமும் பூசிய தொம்பையில் தானியம் காத்தனர். சேந்தமங்கலம் முதலிய அடிவாரத்து ஊர்ச் சந்தைகளுக்குத் தலைச்சுமையாய்த் தேனும் பலாவும் கடுக்காயும் இறங்கின. உப்பும் துணியும் ஏறின. சேலத்து மலைகளின் கடுக்காய் தோல் பதனிடும் தொழிலுக்கு உயிர்நாடியாய் இருந்தது. நம் சமுதாயத்தார் பலர் அத்தொழிலில் தலைமுறை தலைமுறையாய் ஈடுபட்டவர்கள் என்பது வாசகர் அறிந்ததே. மலையாளி உழவன் கையால் பொறுக்கிய காயும், நம் தொழிலாளி கையால் பதனிட்ட தோலும் அறிமுகமின்றியே ஒன்றுபட்டன.

காய்ச்சலையும் குறிப்பிட வேண்டும். சமவெளியார் கொல்லிமலையை அஞ்சியது அதன் விலங்குகளுக்காக மட்டுமன்று, மலைக்காய்ச்சலுக்காகவும்தான். மேலே சென்று சில நாள் தங்கித் திரும்பியவர் நடுங்கிக்கொண்டு திரும்பினர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மட்டுமே அதனைத் தாங்கினர். புதிய மண்ணுக்குச் செல்லும் முதல் தலைமுறை தன் உடலையே விலையாகக் கொடுக்கிறது. ஹிஜ்ரத் செய்து மதீனா புகுந்த மக்கத்து முஹாஜிர்களையும் அந்நகரின் காய்ச்சல் வீழ்த்தியதை நாம் படித்திருக்கிறோம். அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்ற பெருமக்களே படுக்கையில் கிடந்தனர். பிலால் (ரலி) மக்காவின் புற்பூண்டுகளை எண்ணி ஏங்கினார். மதீனாவையும் எங்களுக்கு விருப்பமுள்ளதாக ஆக்கித் தருவாயாக என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைஞ்சியது அப்போதுதான். பிறந்த ஊரின் மீதுள்ள பாசத்தை அவர்கள் குற்றமென்று கூறவில்லை. புதிய ஊரின் மீதும் பாசம் வேண்டினார்கள்.

கதையில் உள்ள ஒரு சொல்

காஞ்சிக் கதையில் நாம் கடந்து போகக் கூடாத ஒரு சொல் உண்டு. 'தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி மேலோங்கியிருந்த காலத்தில், ஏறத்தாழப் பத்துத் தலைமுறைக்கு முன்பு' அவர்கள் வெளியேறினர் என்ற கருத்தில் தர்ஸ்டன் நூல் அதனைத் தருகிறது. நம் பத்திரிகைகள் இத்தகைய செய்திகளைக் கண்டால் ஒன்று சினந்து மறுக்கின்றன; அல்லது பேசாமல் பக்கத்தைப் புரட்டுகின்றன. இரண்டும் வரலாற்று மாணவனுக்கு அழகன்று.

காலத்தை எண்ணிப் பார்ப்போம். பத்துத் தலைமுறை என்பது 250 முதல் 300 ஆண்டுகள். 1909-இலிருந்து பின்னோக்கினால் பதினேழாம் நூற்றாண்டில் போய் நிற்கிறோம். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சி வட்டாரம் விசயநகரப் பேரரசின் எஞ்சிய கிளையிடம் இருந்தது. அரியணைக்காக அவர்களுக்குள்ளேயே மூண்ட உள்நாட்டுப் போர் 1616-ஐ ஒட்டித் தோப்பூரில் பெரும் போராய் வெடித்தது. 1640-களில் கோல்கொண்டாவின் படைகள் தமிழகத்தின் வடபகுதிக்குள் புகுந்தன. 1646-ஐ ஒட்டிச் சோழமண்டலக் கரையில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. இவற்றுள் எது அந்த உழவரைத் துரத்தியது? ஒன்றா, எல்லாமுமா? தலைமுறைகள் கடந்த நினைவு ஒரு பெயரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே அக்கதையை ஒரு சமயத்தின்மீது சுமத்தும் குற்றப்பத்திரிகையாகக் கொள்வது வரலாறு ஆகாது.

அதே வேளையில், படையைக் கண்டு ஓடிய உழவனின் அச்சம் பொய்யென்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. சான்று வேண்டுவோர் நம் வீட்டு நூலையே திறந்து பார்க்கலாம். பதினான்காம் நூற்றாண்டில், 1344-ஐ ஒட்டித் தமிழகக் கரை சேர்ந்த இப்னு பதூதா, மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் விருந்தினராய் இருந்தவர். மணவழியில் அவருக்கு உறவினர். அந்தச் சுல்தான் பிடிபட்ட மக்களைக் கழுவில் ஏற்றியதையும், அவர்தம் மனைவி மக்களைக் கொன்றதையும் கண்ணால் கண்டு தம் பயண நூலில் எழுதி, வேறெந்த அரசரிடமும் தாம் அறியாத இழிசெயல் அதுவென்று கண்டித்துள்ளார். உறவு என்று அவர் மறைக்கவில்லை. சமயம் ஒன்றென்று மழுப்பவில்லை. கொடுங்கோலனுக்குச் சமயம் ஒரு போர்வை. அப்போர்வையை நாம் ஏன் நம் தோளில் ஏற்க வேண்டும்? ஓடிய உழவனின் கண்ணீரை மதிப்பதே இப்னு பதூதா நமக்குக் காட்டிய வழி.

மாலத்தீவில் ஒரு காஜி

இப்னு பதூதா தமிழகம் வருவதற்கு முன் தங்கியிருந்த இடம் மாலத்தீவு. பயணியாய் வந்தவர், சிலகாலம் குடியிருப்பவராகவே மாறியது அங்கேதான். அவர் அங்குச் சென்றது 1343-இல். கதீஜா என்னும் அரசி ஆண்டுகொண்டிருந்தார். அரபு அறிந்த சட்ட அறிஞர் ஒருவர் வந்துவிட்டார் என்றதும் அவரைப் போகவிடாமல் தடுத்துக் காஜியாக அமர்த்தினர். அவரும் அங்கே மணம் புரிந்து வாழ்ந்தார்.

தீவின் அன்றாட வாழ்வை அவர் எழுதியிருப்பது சுவையானது. வெப்பத்தின் மிகுதியால் நாள்தோறும் இருமுறை நீராடுதல், சந்தன எண்ணெய் பூசுதல், வீட்டு வாயிலில் தண்ணீர்ச் சாடியும் சிரட்டை அகப்பையும் வைத்து, வருவோர் கால் கழுவிய பின்பே உள்ளே புகுதல், தென்னையின் பாலும் தேனும், கயிறும், நாணயமாய் வழங்கிய சோழியும் ஆகிய அனைத்தையும் குறிக்கிறார். மீனைப் புழுக்கிப் புகையூட்டி உலர்த்தி வெளிநாடுகளுக்கு அனுப்புவதையும் சொல்கிறார். நம் கடற்கரை ஊர் அடுக்களைகளில் இன்றும் மணக்கும் மாசிக் கருவாடு அதுவே. ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும்; தென்னங்கயிற்றால் தைத்த கப்பலோ நெகிழ்ந்து கொடுக்கும் என்னும் நுட்பத்தையும் அவர் பதிவு செய்தார்.

ஆயினும் கயிற்றின் நெகிழ்வைப் போற்றியவர், தாம் ஆணியாகவே நின்றார். அத்தீவின் பெண்டிர் இடுப்புக்கு மேல் ஆடை அணியாத வழக்கத்தை மாற்ற ஆணையிட்டார். தம் வழக்குமன்றத்துக்கு வெளியே அந்த ஆணை செல்லவில்லை. ஜுமுஆவுக்கு வராதவரைக் கசையால் அடிப்பித்தார். மணவிலக்குப் பெற்ற பின்னும் முன்னாள் கணவர் வீட்டிலேயே தங்கும் வழக்கத்தைத் தண்டித்து நிறுத்தினார். ஷரீஅத்தின் சட்டம் சரியா என்பது ஈண்டு நம் வினா அன்று. வந்த இடத்து மக்களின் நெஞ்சை அறியும் முன்னரே அவர்களைத் தண்டிக்கத் தொடங்கினார் என்பதே நாம் சுட்டுவது. அமைச்சர்களோடு பிணக்கு வளர்ந்தது; 1344-இல் மனம் கசந்து கப்பலேறினார்.

இதே நூலில் அவரே கேட்டு எழுதிய மற்றொரு வரலாறும் உண்டு. அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பு அத்தீவு இஸ்லாத்தை ஏற்றது, அவரைப் போன்றே மேற்கு நாட்டிலிருந்து வந்த அபுல் பரக்காத் என்பவரால் என்பது அது. அவர் தங்கியிருந்தது ஓர் ஏழை மூதாட்டியின் வீட்டில். அந்த வீட்டுக்கு நேர்ந்த துயரைத் தம் துயராகக் கொண்டு, அவள் மகளுக்கு ஈடாகத் தாமே ஆபத்தை எதிர்கொண்டு, இரவெல்லாம் திருக்குர்ஆன் ஓதியபடி இருந்தார் என்கிறது அக்கதை. இருவரும் ஒரே திசையிலிருந்து, ஒரே கல்வியோடு வந்தவர்கள். ஒருவர் விருந்தினராய் வந்து தீவின் உள்ளத்தை வென்றார். மற்றவர் அதிகாரியாய் அமர்ந்து, தீவைத் துறந்தார்.

பினாங்கில் நம் முன்னோர்

நம் முன்னோர் இவ்விருவருள் யாருடைய வழியில் சென்றனர்? பினாங்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1786-இல் பிரான்சிஸ் லைட் அத்தீவை ஆங்கிலக் கும்பினியின் பெயரால் கைக்கொண்டபோது, அருகிலிருந்த கெடாவோடு தமிழ் முஸ்லிம்களுக்கு முன்பே வாணிகம் இருந்தது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து வந்தவர்களைச் 'சூலியர்' என்றழைத்தனர். அவர்கள் குடியிருந்த சூலியாத் தெரு இன்றும் அப்பெயரோடு திகழ்கிறது. அவர்களின் தலைவர் காதர் முகைதீனுக்கு 1801-இல் கும்பினி நிலம் வழங்க, அங்கே எழுந்தது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சிங்கப்பூரிலும், ஆங்கிலேயர் கால்வைத்த 1819-க்குப் பின் பத்தாண்டுக்குள்ளேயே, ஜாமிஆ பள்ளிவாசலையும் நாகூர் தர்காவையும் நம்மவர் எழுப்பத் தொடங்கிவிட்டனர்.

பள்ளிவாசல் கொண்டுபோனது, அன்றாட வாழ்வோ கற்றுக்கொண்டது. மலாய் மொழி பேசக் கற்றனர். கற்றதோடு கொடுக்கவும் செய்தனர்: கப்பல், கடை, முதல், பெட்டி, கட்டில் ஆகிய நம் சொற்கள் 'காப்பால்', 'கெடாய்', 'மோடால்', 'பெத்தி', 'காத்தில்' என்று மலாயர் நாவில் குடியேறின. மலாய்ப் பெண்களை மணந்தோரின் மக்கள் 'ஜாவி பெரானாக்கான்' என்னும் தனிச் சமுதாயமாயினர். 1876-இல் சிங்கப்பூரில் அப்பெயரிலேயே ஒரு மலாய் இதழை அவர்கள் தொடங்கினர். தோள்கம்பின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற நம்மவரின் உணவு, அந்தத் தோள்கம்பின் மலாய்ப் பெயராலேயே 'நாசி கண்டார்' எனப்பட்டது. இன்று அது பினாங்கின் பெருமை.

இதில் இழப்பே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய காலம் 1973 வரை. அதன் பின் 'சிதம்பரம்' 1985 வரை ஓடியது. அக்கப்பல்களின் வரவை எதிர்நோக்கி, அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களைத் தலையணைக்குக் கீழ் வைத்துக் காலம் கழித்த நம் தாய்மாரை எந்தச் சரித்திர நூல் எழுதியது? தீவுக்குப் போனவன் ஒரு வாழ்வைக் கற்றுக்கொண்டான். போகாதவள், அவனின்றி வாழக் கற்றுக்கொண்டாள். பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று தமிழ் எழுத அறியார். மலையாளிகளும் அவ்வாறே காஞ்சியின் பெயரைக் காத்தனர். காஞ்சிக்குச் செல்லும் வழியை மறந்தனர்.

இரு தீவுகளும் சந்தித்த இடம்

இவ்விரு வரலாறுகளும் நம் காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் சந்தித்தன. நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் பாயசமாகும் சவ்வரிசியில் உள்ள முற்பகுதி, 'சாகு' என்னும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது. முன்னர் அது மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து இறக்குமதியாயிற்று. இரண்டாம் உலகப்போரில் கப்பல் நின்றதும் வரத்தும் நின்றது. 1943-ஐ ஒட்டிச் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த பொப்பட்லால் ஷாவிடம் செய்முறை அறிந்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினார். அதுவே சேலம் வட்டாரத்தின் பெருந்தொழிலாய் வளர்ந்தது.

அத்தொழிலுக்குக் கிழங்கு வேண்டும். கொல்லிமலைச் சரிவுகளில் சாமை இருந்த இடத்தை மரவள்ளி பற்றிக்கொண்டது. கையில் காசு வந்தது. குத்துவதற்கும் புடைப்பதற்கும் பெண்கள் பட்ட பாடு குறைந்தது. உழவனை நாம் குறை கூறுதல் ஆகாது. ஆனால் முந்நூறு ஆண்டுகளாய் மலை அவர்களுக்குக் கற்பித்த பாடம், அதாவது எந்தச் சரிவுக்கு எந்தச் சாமை, எந்த மழைக்கு எந்தத் தினை என்னும் அறிவு, விதையோடு சேர்ந்து மறையத் தொடங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து மலையில் தங்கி, மக்களோடு சேர்ந்து அவ்விதைகளைச் சேமித்தும், தானியத்தைப் பெண்கள் எளிதில் அரைக்கப் பொறிகள் அமைத்தும் பணியாற்றினர். 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, உலகம் தேடிய பொருள் அம்மலைத் தொம்பைகளில் முன்பே இருந்தது.

வாசகப் பெருமக்களே! இன்றும் நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் புறப்பட்டுச் செல்கின்றனர். பெட்டியில் என்ன வைத்து அனுப்புவது என்று வீடே கூடி யோசிக்கிறது. ஊறுகாய் வைக்கிறோம், தொழுகை விரிப்பு வைக்கிறோம். அவற்றோடு ஒரு சொல்லும் வைத்து அனுப்புவோம்: 'மகனே, நீ போகும் இடத்தில் உனக்கு முன்பே மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய வாயிலில் தண்ணீர்ச் சாடி இருந்தால், முதலில் உன் காலைக் கழுவிக்கொள். அவர்கள் உண்பதை உண்ணப் பழகு. அவர்கள் மொழியைக் கற்றுக்கொள். உன் ஈமானையும் உன் தாய்மொழியையும் உன் பிள்ளைகளுக்குக் கொடு. ஊருக்கு வரும் வழியை அவர்களுக்குக் காட்டி வை.'

நம்மிடையே வாழ வருவோர்க்கும் இதே மதிப்பை நாம் தர வேண்டும். மலையிலிருந்து இறங்கி நம் தெருவில் மிளகும் பலாவும் விற்க வருபவரிடம் விலை பேசும்போது, அவர் ஒரு நீண்ட குடியேற்றத்தின் வழித்தோன்றல் என்பதை நினைவில் கொள்வோம். இருந்த இடத்தையும் சென்ற இடத்தையும் நேசிக்கும் நெஞ்சை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!